மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு: வரிசைமாற்ற நிகழ்தகவில் பிழை பிடிப்பது

மைலோ டப்பா அட்டையை ஐந்து துண்டாக வெட்டி, 'கட்டடம்' என்ற சொல்லை எழுத்துக்கு ஒரு துண்டாக எழுதுங்கள்: க, ட், ட, ட, ம். கட்டிடம் என்று எழுதிப் பழகியவர்கள் இந்தக் கணக்குக்கு மட்டும் கட்டடம் என்றே எழுத வேண்டும். 'டி' வந்துவிட்டால் ஐந்தும் வெவ்வேறு எழுத்தாகிவிடும், கணக்கும் வேறாகிவிடும். துண்டுகளைக் கவிழ்த்துக் கலக்கி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்றை எடுத்து இடமிருந்து வலமாக அடுக்குகிறோம். இரண்டு 'ட'வும் அந்த மூன்றுக்குள் வந்திருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கடைவீட்டு மாடியில் நடக்கும் இரவு டியூஷனில், படிவம் 5 கூடுதல் கணிதப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் இரண்டு விடை வரும். ஒன்று 3/11, மற்றொன்று 3/10. 3/11 எழுதுகிற பிள்ளை பாடம் தெரியாத பிள்ளை இல்லை. அதன் ஒவ்வொரு வரியும் சரி. வரிவரியாகச் சரியாக இருந்தும் விடை தவறும் கணக்கு இது. அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

அந்தப் பிள்ளை இப்படிப் போட்டிருக்கும். வெவ்வேறு எழுத்துகள் க, ட், ட, ம் என நான்கு. மூன்றும் வேறாக வரும் அடுக்குகள் 4 × 3 × 2 = 24. இரண்டு 'ட' வரும் அடுக்குகளுக்குக் கூட வரும் எழுத்து மூன்றில் ஒன்று, அது நிற்கும் இடம் மூன்றில் ஒன்று, ஆக 3 × 3 = 9. மொத்தம் 33. கேட்டது 9. எனவே 9/33 = 3/11.

33 என்பது சரியான எண்ணிக்கைதான். அட்டையை அடுக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் வெவ்வேறு மூன்றெழுத்து அடுக்குகள் 33-க்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ஆனால் அந்த 33-ம் ஒரே எடையுள்ளவை அல்ல. இதைப் பார்க்க ஒரு 'ட' அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது ஐந்தும் வெவ்வேறு துண்டு. மூன்றை எடுத்து அடுக்கும் வழிகள் 5 × 4 × 3 = 60. இந்த அறுபதும் சமவாய்ப்புள்ளவை, ஏனென்றால் கை எடுப்பது அட்டையை, எழுத்தை அல்ல.

'க ட் ம்' என்ற அடுக்கு இந்த அறுபதில் ஒரே ஒரு தடவைதான் வரும். 'க ட ம்' இரண்டு தடவை வரும், புள்ளி வைத்த 'ட'வோடு ஒன்று, வைக்காததோடு ஒன்று. 'ட க ட'வும் இரண்டு தடவை, புள்ளி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆக 'ட'வே இல்லாத 6 அடுக்குகளுக்கு எடை 1, ஒரு 'ட' உள்ள 18 அடுக்குகளுக்கு எடை 2, இரண்டு 'ட' உள்ள 9 அடுக்குகளுக்கு எடை 2. கூட்டினால் 6 + 36 + 18 = 60. கேட்டது 18/60, அதாவது 3/10.

ஐயம் இருந்தால் வரிசையை மறந்துவிட்டு வெறும் தேர்வாகப் போடலாம். ஐந்தில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 10. இரண்டு 'ட'வோடு வேறு ஒன்று சேரும் வழிகள் 3. அதே 3/10.

இங்கேதான் சிக்கல். ஐந்து அட்டையையும் எடுத்து முழுச் சொல்லாக அடுக்கும் கணக்கில் புள்ளி வைக்காமலே போட்டாலும் விடை சரியாக வரும். 5!/2! = 60 அடுக்குகள் (5! என்றால் 5 × 4 × 3 × 2 × 1 = 120), ஒவ்வொன்றும் புள்ளி வைத்த 120-இல் சரியாக இரண்டு தடவை வருகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே எடை. 'க' முதலில் நிற்க வேண்டும் என்றால் 4!/2! = 12, எனவே 12/60 = 1/5. புள்ளி வைத்துப் போட்டால் 24/120, அதுவும் 1/5. ஒரே மாதிரி எழுத்து வந்தால் வகுத்துவிடு என்ற சூத்திரம் இங்கே வேலை செய்வதைப் பார்த்த பிள்ளை, மூன்றை மட்டும் எடுக்கும் கணக்கிலும் அதே நம்பிக்கையோடு இறங்குகிறது. எல்லாத் துண்டுகளும் அடுக்கில் இருந்தால் எடை சமம். சிலது வெளியே நின்றுவிட்டால் சமம் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைச் சூத்திரத்தோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்னால் தனியாகச் சொன்னால் மனதில் ஒட்டுவதில்லை.

முழுச் சொல் கணக்கிலும் ஒரு வழுக்கல் உண்டு. மேலே 4! = 24 என்று புள்ளி வைத்து எண்ணி, கீழே 5!/2! = 60 என்று புள்ளி இல்லாமல் எண்ணினால் 24/60 = 2/5 வரும். தொகுதி ஓர் உலகத்தில், பகுதி வேறோர் உலகத்தில். இதைப் பிடிக்கப் பேனாவே தேவையில்லை. ஐந்து துண்டில் எதற்கும் தனிச் சலுகை இல்லை, ஒவ்வொன்றும் முதலிடத்துக்கு வர ஐந்தில் ஒரு வாய்ப்பு. 2/5 என்று வந்தால் 'க' அட்டைக்கு மட்டும் இரட்டை வாய்ப்பு என்று பொருளாகிவிடும்.

எடை பார்க்காமல் எண்ணுவது பழைய பிழை. ஆறு முகம் கொண்ட மூன்று தாயக்கட்டைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வர ஆறு வகை, 10 வரவும் ஆறு வகை. ஆனால் விளையாடுகிறவர்கள் அனுபவத்தில் 10 சற்று அதிகமாக விழுகிறது என்று கண்டார்கள். கலிலியோ அதற்கு எழுதிய விளக்கம் நம் பென்சில் புள்ளிதான். கட்டைகளை மூன்று தனிக் கட்டைகளாகப் பார்த்தால் மொத்தம் 216 விளைவுகள், அதில் 9-க்கு 25, 10-க்கு 27. '3, 3, 3' ஒரே வழியில் வரும், '6, 3, 1' ஆறு வழியில் வரும். 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் கணித அறிஞர் தாலம்பேர் இதே குழியில் விழுந்தார். நாணயத்தை இரு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு 2/3 என்று எழுதினார். முதலிலேயே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என மூன்று விளைவு எண்ணி மூன்றையும் சமமாக வைத்ததால் வந்த விடை. சரியான விடை 3/4.

நம் ஊர்க் கடைத்தெருவில் இதற்கு ஓர் உதாரணம் தினமும் கண்ணில் படும். நாலு நம்பர் கடை, அதாவது நான்கு இலக்க லாட்டரி விற்கும் கடை. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். 'ஒரே இலக்கம் இரட்டையாக வரும் நம்பர் அதிகம் விழாது' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நான்கு இலக்கமும் வேறாக இருக்கும் எண்கள் 10 × 9 × 8 × 7 = 5,040. அதாவது 50.4 விழுக்காடு. மீதி 49.6 விழுக்காட்டில் ஏதோ ஓர் இலக்கமாவது திரும்ப வருகிறது, கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி.

இதை வகையாகப் பிரித்துச் சரிபார்க்கலாம். நான்கும் வேறு என்றால் 210 வகை, ஒவ்வொன்றையும் 24 விதமாக மாற்றி எழுதலாம், 5,040. ஒரு ஜோடி மட்டும் என்றால் 360 வகை, 12 விதம், 4,320. இரண்டு ஜோடி 45 வகை, 6 விதம், 270. மூன்று ஒன்றுபோல் 90 வகை, 4 விதம், 360. நான்கும் ஒன்று 10 வகை, 1 விதம், 10. கூட்டினால் 10,000 தட்டாமல் வருகிறது. வகைகளை மட்டும் எண்ணினால் 715. 210/715 என்று போட்டால் 29.4 விழுக்காடு என்று தவறான விடை வரும். 3/11 எப்படி வந்ததோ அப்படியேதான் இதுவும் வருகிறது, அளவு மட்டும் பெரிது. நம்பர் வாங்கச் சொல்ல இதை எழுதவில்லை. எந்த நான்கு இலக்கத்தை எழுதினாலும் அது பத்தாயிரத்தில் ஒன்றுதான் என்பதையே இந்தக் கணக்கு காட்டுகிறது.

கடையில் 0123 ஒரு நம்பர். தேர்வுத்தாளில் 'நான்கு இலக்க எண்' என்றால் 0123 ஓர் எண்ணே அல்ல, அது 123. வண்டி நம்பர் தட்டிலும் முன்னால் பூச்சியம் வராது. இந்த ஒரு பூச்சியத்தால் போகும் மதிப்பெண் கொஞ்சநஞ்சம் இல்லை.

கணக்கு: 0, 1, 2, 3, 4 ஆகிய இலக்கங்களால், ஓர் இலக்கம் ஒரு முறைதான் என்ற விதியோடு நான்கு இலக்க எண் ஒன்று அமைக்கப்படுகிறது. அது இரட்டைப்படை எண்ணாக இருக்கும் நிகழ்தகவு என்ன? பகுதி எளிது. முதல் இடத்தில் பூச்சியம் கூடாது, 4 × 4 × 3 × 2 = 96. தொகுதியில்தான் பிசகு.

சிலர் முதல் இடம் 4, கடைசி இடம் 3 (0, 2, 4), நடுவில் 3 × 2 என்று போட்டு 72 எழுதுவார்கள். 72/96 = 3/4. முதல் இடத்தில் 2 போய் உட்கார்ந்துவிட்டால் கடைசிக்கு 0, 4 என இரண்டுதானே மிச்சம்? அதை மறந்துவிட்டார்கள். சிலர் கடைசி இடத்தை முதலில் நிரப்புவார்கள். கடைசிக்கு 3, முதல் இடத்துக்குப் பூச்சியமும் கூடாது, கடைசியில் போட்டதும் கூடாது, ஆகவே 3, நடுவில் 3 × 2, மொத்தம் 54. கடைசியில் போட்டதே பூச்சியம் என்றால் முதல் இடத்துக்கு 3 அல்ல, 4 மிச்சம் இருக்கும். இது கவனத்துக்கு வரவில்லை.

இரண்டு பிழைக்கும் மருந்து ஒன்றே, பூச்சியத்தை வைத்துப் பிரிப்பது. கடைசி 0 என்றால் 4 × 3 × 2 = 24. கடைசி 2 அல்லது 4 என்றால் 2 × 3 × 3 × 2 = 36. மொத்தம் 60, எனவே 60/96 = 5/8. சரிபார்க்க ஒற்றைப்படையைத் தனியாக எண்ணுங்கள். கடைசி 1 அல்லது 3 என்றால் 2 × 3 × 3 × 2 = 36. 60 + 36 = 96, கணக்கு மூடிவிட்டது. 54 போட்டவருக்கு 54 + 36 = 90, ஆறு எண்ணைக் காணோம். அந்த ஆறும் பூச்சியத்தில் முடியும் எண்கள்தான், 24 இருக்க வேண்டிய இடத்தில் 18 எண்ணியிருக்கிறார். 72 போட்டவருக்கு 108, பன்னிரண்டு கூடுதல்.

அந்த 72-ஐ இன்னும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். நாலு நம்பர் கடை விதிப்படி முன்னால் பூச்சியத்தை அனுமதித்தால் மொத்தம் 5 × 4 × 3 × 2 = 120, இரட்டைப்படை சரியாக 72. 72/120 = 3/5, ஐந்து இலக்கத்தில் மூன்று இரட்டை என்பதோடு பொருந்துகிறது. ஆக 72/96 என்பது கடையில் எண்ணியதை மேலேயும் தேர்வுத்தாளில் எண்ணியதைக் கீழேயும் வைத்த பின்னம்.

அடுத்தது மொழியால் வரும் பிழை. கோயில் மண்டபத்தில் ஒரே வரிசையில் எட்டு நாற்காலி, ஐந்து ஆண்கள், மூன்று பெண்கள். 'பெண்கள் சேர்ந்து உட்காரக் கூடாது' என்று தமிழில் சொன்னால் இரண்டு பொருள் வரும். மூவரும் ஒரே தொடராக இருக்கக் கூடாது என்பது ஒன்று. எந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது மற்றொன்று. மலாய்க் கேள்வித்தாளில் 'தியாடா துவா ஓராங்' என்று தொடங்கினால் இரண்டாவது பொருள், 'எந்த இருவரும் இல்லை'. கேள்வியை மனதுக்குள் தமிழில் பெயர்த்துக்கொண்டு போடும் பிள்ளைக்கு இந்த 'இருவர்' பெயர்க்கும்போதே உதிர்ந்துவிடுகிறது. பிறகு 'மூவரும் சேர்ந்து இருப்பதைக் கழி' என்று தொடங்கிவிடும்.

அப்படிக் கழித்தால் 8! − 6! × 3! = 40,320 − 4,320 = 36,000. நிகழ்தகவு 25/28, கிட்டத்தட்ட 0.89. சரியான வழி ஐந்து ஆண்களை முதலில் உட்கார வைப்பது, 5! = 120. அவர்களுக்கு இடையிலும் இரு ஓரத்திலும் ஆறு இடைவெளி. மூன்று பெண்களும் வெவ்வேறு இடைவெளியில், 6 × 5 × 4 = 120. பெருக்கினால் 14,400. நிகழ்தகவு 14,400/40,320 = 5/14, ஏறக்குறைய 0.36. இரண்டு விடைக்கும் இடையில் விடுபட்டது 21,600, சரியாக இரண்டு பெண்கள் மட்டும் ஒட்டி உட்காரும் நிலைகள். நேரடியாக எண்ணினாலும் அதுவே வரும்: ஒட்டி உட்காரும் இருவரை வரிசையோடு தேர்ந்தெடுக்க 6, அந்த ஜோடியையும் தனிப் பெண்ணையும் வெவ்வேறு இடைவெளியில் வைக்க 6 × 5 = 30, ஆண்களுக்கு 120.

இதை ஒரு பிள்ளைக்கு நம்ப வைக்கச் சிறிய அளவுக்கு இறக்கிக் காட்டுங்கள். இரண்டு ஆண், மூன்று பெண், ஐந்து நாற்காலி. ஆண் பெண் அமைப்பை மட்டும் எழுதினால் பத்தே பத்து வரி:

பெ பெ பெ ஆ ஆ
பெ பெ ஆ பெ ஆ
பெ பெ ஆ ஆ பெ
பெ ஆ பெ பெ ஆ
பெ ஆ பெ ஆ பெ
பெ ஆ ஆ பெ பெ
ஆ பெ பெ பெ ஆ
ஆ பெ பெ ஆ பெ
ஆ பெ ஆ பெ பெ
ஆ ஆ பெ பெ பெ

மூவரும் சேர்ந்தது முதல், ஏழாம், பத்தாம் வரிகள். எந்த இருவரும் ஒட்டாதது ஐந்தாம் வரி ஒன்றுதான். மீதி ஆறிலும் இருவர் ஒட்டியிருக்கிறார்கள். '1 − 3/10 = 7/10' என்று எழுதியவர் இந்த ஆறையும் தன் விடைக்குள் இழுத்துக்கொண்டார் என்பது விரலால் தொட்டுக் காட்டும்போது புரிந்துவிடும். பத்து வரி எழுத இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை எப்போதும் செலவழிக்கலாம்.

இதே கணக்கில் சற்று மறைவான பிழை ஒன்று. இடைவெளிகளைத் தேர்ந்தெடுக்க ஆறில் மூன்று, 20 வழி என்று போட்டு 120 × 20 = 2,400 எழுதுவது. 2,400/40,320 = 5/84. ஆண்களைத் தனித்தனி ஆளாக எண்ணிவிட்டுப் பெண்களை வெறும் 'பெ' என்று எண்ணிய பாதி வேலை இது. முழுக்க 'ஆ', 'பெ' என்றே எண்ணினால் 20/56 = 5/14, சரி. முழுக்க ஆட்களாக எண்ணினால் 14,400/40,320 = 5/14, அதுவும் சரி. பாதியில் மாறினால்தான் தவறு.

வட்ட மேசைக்கு வருவோம். கல்யாண விருந்தில் ஒரு வட்ட மேசை, ஆறு நாற்காலி, தாத்தா பாட்டியோடு ஆறு பேர். தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்து அமரும் நிகழ்தகவு? வட்டத்தில் மொத்தம் 5! = 120, சேர்ந்து அமர்வது 2 × 4! = 48, விடை 48/120 = 2/5. இதில் மேலே வட்டமும் கீழே வரிசையும் கலந்தால் 48/720 = 1/15. மாறிக் கலந்தால் 240/120 = 2. நிகழ்தகவு 2 என்று வந்தால் யாரும் கவனித்துவிடுவார்கள். 1/15 நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும், அதுதான் ஆபத்தானது. தாத்தாவை முதலில் உட்கார வையுங்கள். மீதி ஐந்து நாற்காலியில் அவருக்குப் பக்கத்து நாற்காலி இரண்டு. பாட்டிக்கு ஐந்தில் இரண்டு வாய்ப்பு. நாற்காலிகளுக்கு எண் எழுதி 720 என்று எண்ணினாலும் தொகுதி 6 × 2 × 24 = 288 ஆகி, விடை அதே 2/5. வட்டத்துக்குக் கட்டாயம் 5! தான் போட வேண்டும் என்று பிள்ளைகளை மிரட்ட வேண்டாம். நிகழ்தகவுக்கு எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், மேலும் கீழும் ஒன்றாக இருந்தால் போதும்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்துக்கு எட்டுப் பேரிலிருந்து குலுக்கல் முறையில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவர். குறிப்பிட்ட ஒருவர் ஏதாவது ஒரு பொறுப்புக்கு வரும் நிகழ்தகவு 3/8. பொறுப்போடு எண்ணினால் 3 × 7 × 6 = 126, மொத்தம் 8 × 7 × 6 = 336. பொறுப்பில்லாமல் எண்ணினால் 21/56. இரண்டும் 3/8. மேலே 21, கீழே 336 என்றால் 1/16, இதுவும் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் பிழைதான்.

'குறைந்தது' என்ற சொல், மலாயில் 'செகூராங்-கூராங்ஞா', இன்னொரு பொறி. ஆறு ஆண், ஐந்து பெண்ணிலிருந்து நால்வர் குழு, குறைந்தது இரண்டு பெண்கள். 'முதலில் இரண்டு பெண்ணை எடுத்துவிடுவோம், 10 வழி. மீதி ஒன்பது பேரில் யாரேனும் இருவர், 36 வழி' என்றால் 360. மொத்தக் குழுக்களே 330! மூன்று பெண் உள்ள ஒரே குழு இதில் மூன்று தடவை எண்ணப்படுகிறது, எந்த இருவர் 'முதலில் எடுத்தவர்' என்பதைப் பொறுத்து. நால்வரும் பெண் என்றால் ஆறு தடவை. சரியாகப் பிரித்தால் 150 + 60 + 5 = 215, நிகழ்தகவு 215/330 = 43/66. தவறான 360 எங்கிருந்து வந்தது என்பதையும் காட்டலாம்: 150 × 1 + 60 × 3 + 5 × 6 = 360.

விடைத்தாளில் சரியான விடை இருந்து, உங்கள் விடை வேறாக வந்தால் உடனே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். சரியான விடை, உங்கள் விடை இரண்டில் பெரியதைச் சிறியதால் வகுங்கள். அந்த ஈவு பிழையின் பெயரையே சொல்லிவிடும். 'கட்டடம்' முழுச்சொல் கணக்கில் 2/5-க்கும் 1/5-க்கும் இடையில் 2 மடங்கு, அது விட்டுப்போன 2!. 5/14-ஐ 5/84-ஆல் வகுத்தால் 6, பெண்களின் 3!. 3/8-ஐ 1/16-ஆல் வகுத்தால் 6, மூன்று பொறுப்பின் 3!. தாத்தா பாட்டி கணக்கிலும் 2/5-ஐ 1/15-ஆல் வகுத்தால் 6 தான், ஆனால் அது 3! அல்ல, ஆறு நாற்காலியின் 6. எந்த 6 என்று தெரியாவிட்டால் ஆளை ஒன்று கூட்டிப் பாருங்கள். மேசையில் ஏழு பேர் என்றால் 1/3-க்கும் 1/21-க்கும் இடையில் ஈவு 7 ஆகிவிடும். கோயில் கணக்கில் ஒன்பது பேராக்கினாலும் 1/3-க்கும் 1/18-க்கும் ஈவு 6 ஆகவே நிற்கும். ஆளோடு மாறினால் வட்டம், மாறாவிட்டால் பொறுப்பு.

ஈவு இப்படி முழு எண்ணாக வராவிட்டால் வேறு நோய். 3/10-ஐ 3/11-ஆல் வகுத்தால் 11/10. எந்த 2!, 3!-உம் 11-ஐத் தராது, ஆகவே எடை சமமில்லாததை எண்ணியிருக்கிறோம். 60-க்கும் 54-க்கும் ஈவு 10/9. இங்கே வகுப்பதைவிடக் கழிப்பது நல்லது. விடுபட்ட 6 எண்ணைத் தேடினால் பூச்சியத்தில் முடியும் எண்களில் போய் நிற்கும். 25/28-க்கும் 5/14-க்கும் ஈவு 5/2, கேள்வியையே வேறாகப் படித்திருக்கிறோம்.

கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் கால்குலேட்டரில் தவறுவதும் உண்டு. ஒன்பது எழுத்தில் ஓர் எழுத்து இரண்டு தடவை, வேறோர் எழுத்து மூன்று தடவை என்று வைத்துக்கொள்வோம். தாளில் 9!-க்குக் கீழே 2! × 3! என்று அழகாக எழுதிவிட்டு, காசியோவில் 9! ÷ 2! × 3! என்று அப்படியே அழுத்தினால் அது இடமிருந்து வலமாகப் போகும். 2!-ஆல் வகுக்கும், பிறகு 3!-ஆல் பெருக்கும். திரையில் 10,88,640. வர வேண்டியது 30,240. ஈவு 36, அதாவது 3!-இன் வர்க்கம். ஒரு தடவை வகுக்காமல் விட்டதற்கு ஒரு 6, வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியதற்கு இன்னொரு 6. ஈவில் 4, 36, 576 போன்ற வர்க்கங்கள் தலைகாட்டினால் கணக்கில் தேடாதீர்கள், அழுத்திய பொத்தானில் தேடுங்கள். 9! ÷ (2! × 3!) என்று அடைப்புக்குறி போட்டு மறுபடி அழுத்தினால் 30,240 வந்துவிடும்.